பலகையில் ஒரே ஒரு பெயர்

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்த காலம் அது. மைனா தவமணியும் அணில் பூங்காவனமும் ஒரே வேரில் ஒட்டி உட்காருவார்கள். கிடைத்த பழத்தை ஆளுக்குப் பாதி கடிப்பார்கள். அந்த மாதிரி நாட்கள் திரும்ப வருமா!

ஒருநாள் ஆமை டீச்சர் தவமணியை லீடர் ஆக்கினார். "நான் வர்ற வரைக்கும் யார் பேசினாலும் பேரைப் பலகையில எழுது!" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆமை போய் வர நேரமாகும் அல்லவா? மரத்தடி சந்தைக்கடையானது.

தவமணி கரும்பாறைப் பலகையில் மளமளவென்று பெயர்களை எழுதினாள்.

"ஏய் லீடரு, என் பேரை அழிடி!" என்றாள் முயல்.

"சும்மா அழிப்பாங்களா?"

"ஒரு கோவைப்பழம் தர்றேன்!"

"ஒண்ணா? போடி! மூணு!"

"ரெண்டு வச்சுக்கோ!"

பேரம் படிந்தது. பெயர் அழிந்தது. கீரி வெட்டுக்கிளி கொடுத்தாள். கௌதாரி இலந்தைப்பழம் கொடுத்தாள். பூங்காவனத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது.

"என்கிட்ட ஒண்ணுமில்லையே, தவம்! எனக்குமா விலை?"

தவமணி அந்தப் பெயரையும் அழிக்கப் போனாள். ஆனால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உனக்குச் சும்மா அழிச்சா, இவளுங்க கொடுத்ததைத் திருப்பிக் கேப்பாளுங்கடி!" என்றாள்.

ஆமை டீச்சர் வந்தார். பலகையைப் பார்த்தார்.

"ஒருத்தி மட்டுமா பேசின? யார்கிட்டடி பேசின?"

பூங்காவனம் வாயைத் திறந்தால் லீடர் பதவியும் போகும், மானமும் போகும்!

பூங்காவனம் அவளை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு நானே பேசிக்கிட்டேன், டீச்சர்."

தண்டனையாகப் பூங்காவனம் வெயிலில் ஒற்றைக்காலில் நின்றாள். "நானும்தான் பேசினேன், டீச்சர்!" என்று சொல்லத் தவமணியின் அலகு திறக்கவே இல்லை.

மறுநாள் பூங்காவனம் வேறு வேரில் போய் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை!

தவமணி இப்போது நாலு குஞ்சுகளுக்குத் தாய். கூடப் படித்தவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் பூங்காவனத்தைத்தான் விசாரிப்பாள்.

"நல்லாத்தான் இருக்கா!" என்பார்கள்.

'என்னைப் பத்திக் கேட்டாளா?' என்று மட்டும் கேட்கமாட்டாள்.

கூட்டாளியிடமே பேரம் பேசுகிறவள், பேரத்தில் ஜெயித்தாலும் கூட்டாளியை இழப்பாள்.