நாமக்கோழியின் வலைப்பூவும் முப்பத்திரண்டு செருகலும்

கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு கண்மாய் இருந்தது. அதில் பட்டாபி என்று ஒரு நாமக்கோழி வசித்தது. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். பிறக்கும்போதே நாமத்தோடு பிறந்துவிட்டதால், இனி தனக்கு யாரும் நாமம் போட முடியாது என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

பட்டாபி ஒரு வலைப்பூ நடத்தியது. பெயர் ‘கண்மாய்க் குரல்’. காட்டில் ஏது இணையம் என்று கேட்காதீர்கள். பேசுகிற கோழியை ஒத்துக்கொள்ளப்போகிறவர்கள் இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குளிக்க வந்தவர்கள் தவறவிட்ட செல்போன்கள் சேற்றில் ஏராளமாகக் கிடந்தன. கண்மாய்வாசிகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் மீன்கள் மட்டும் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை.

“பேரிலேயே வலை இருக்கு. எங்களை என்ன கிறுக்குன்னு நினைச்சியா?” என்று கேட்டது செல்லக்கண்ணு என்ற விரால் மீன்.

“வலை இல்ல தாயி, வலைப்பூ. பூவைப் பாரு” என்றது பட்டாபி.

“பூ வச்சா மட்டும் வலை வலை இல்லைன்னு ஆயிருமா?”

ஆறு மாதம் விளக்கிப் பார்த்தது. பலிக்கவில்லை. பிறகு ஒருநாள், ‘கிழக்குக் கரையில் கொக்கு நிற்கிறது’ என்று எழுதியது. உண்மையிலேயே நின்றது. எழுதியதைத் தற்செயலாகப் பார்த்த இரண்டு கெண்டைகள் பிழைத்தன. அன்றிலிருந்து மீன்கள் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கண்மாய்க் குரலைத் திறந்தன. மீனுக்குக் கண் மூடாது என்பது வேறு விஷயம்.

செல்லக்கண்ணு இருந்தது வடகோடிப் பள்ளத்தில். அங்கே சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதுவும் வாலில் நின்றால். ஆனாலும் பக்கம் சட்டென்று திறந்தது. ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அடியில் ஒரு பின்னூட்டப் பெட்டி. முதல் ஆளாகப் பின்னூட்டம் போடுகிறவர் ‘வடை எனக்கே’ என்று எழுதுவது வலைப்பூ உலக வழக்கம். ஒரு காகம் தினமும் அப்படி எழுதியது. வடை வந்ததாகத் தகவல் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், வேலியோரமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போன ஓணான் ஒன்றைப் பட்டாபி வலியக் கூப்பிட்டது.

“ஏம்ப்பா, என் வலைப்பூ எப்படி இருக்கு?”

“மொட்டையா இருக்குண்ணே. ரெண்டு செருகுநிரல் போட்டா ஜம்முன்னு இருக்கும்” என்றது ஓணான்.

“அப்படின்னா?”

“பிளக்இன். வெளியிலேருந்து எடுத்து உள்ள செருகுறது. கொண்டையில பூ செருகுற மாதிரி.”

“எனக்குக் கொண்டையே இல்லையே.”

“அதுக்கும் ஒண்ணு இருக்குண்ணே.”

முதலில் வாசகர்களை எண்ணும் கருவி வந்தது. அடுத்து, மேலிருந்து கீழே பூ உதிரும் செருகல். பக்கத்தைத் திறந்ததும் தவளைக் கச்சேரி கேட்கும் செருகல். கண்மாய்க்குள் நனைந்துகொண்டிருப்பவர்களுக்கு மழை பெய்கிறதா என்று சொல்லும் செருகல். யாரும் எழுத்தைத் திருடிவிடக் கூடாதென்று ஒரு பூட்டு வேறு. கொக்கு நிற்கிறது என்பதை எவன் திருடிக்கொண்டு போய் என்ன செய்வான் என்று பட்டாபி யோசிக்கவில்லை.

“பக்கம் கொஞ்சம் மெதுவாயிருச்சோ?” என்று ஒருநாள் கேட்டது.

“வேகமாக்குறதுக்கு ஒரு பிளக்இன் இருக்குண்ணே” என்றது ஓணான்.

அதையும் போட்டார்கள். இன்னும் மெதுவானது.

ஒவ்வொன்றுக்கும் முன்னால், “போடலாமா?” என்று பட்டாபி கேட்கும். ஓணான் தலையை ஆட்டும். “வேண்டாமா?” என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருக்கும். பட்டாபி அப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மொத்தம் முப்பத்தொன்று ஆனது.

சித்திரை பிறந்தது. கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியது. அந்தப் பக்கத்து ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. ஊரே ஊத்தாக் கூடையோடு கரையில் வந்து நிற்கும். ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் காலை நனைக்க மாட்டார்கள். வீசிவிட்டால் அவ்வளவுதான். தலைக்கு மேல் கூடை கவிழும், கூடைக்குள் கை வரும்.

பட்டாபி விடியற்காலையில் ஊர்ப்பக்கம் மேயப் போனபோது தண்டோரா கேட்டது. இன்றைக்கே, உச்சிப்பொழுதில்.

செல்லக்கண்ணுவுக்குப் போன வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்பாக, மிளகாய் விதை அளவில் முந்நூறு பிள்ளைகள், அம்மாவைச் சுற்றியே திரிவார்கள். தப்பிக்க ஒரே வழிதான். மேற்கு மடையின் அடிக்கல் உடைந்து ஓட்டையாகியிருந்தது. அதற்குள் புகுந்தால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் ஆள் இறங்காத தாமரைக் குட்டை. குஞ்சுகளோடு அங்கே போய்ச் சேரக் காலைப்பொழுது முழுக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்லவும் முடியாது. வடகரை முழுக்க அப்போதே ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள். நாமக்கோழிக் குழம்பும் அவர்களுக்குப் பிடிக்கும்.

பட்டாபி அவசரமாகப் பதிவு எழுதியது. ‘இன்று உச்சியில் துண்டு வீசுகிறார்கள். மேற்கு மடை ஓட்டை வழியே உடனே தாமரைக் குட்டைக்குப் போய்விடுங்கள்.’

பிறகு நாணல் புதருக்குள் உட்கார்ந்து எண்ணும் கருவியைப் பார்த்தது. ஐந்து. பன்னிரண்டு. முப்பது. நாற்பத்தேழு!

“பிச்சுக்கிட்டுப் போகுதுப்பா” என்றது பட்டாபி. “எல்லாரும் படிச்சிட்டாங்க. பிழைச்சுக்குவாங்க.”

“இந்தச் சந்தோஷத்துக்கு, பட்டாசு வெடிக்கிற பிளக்இன் ஒண்ணு போடுவோம்ணே” என்றது பக்கத்தில் இருந்த ஓணான்.

போட்டார்கள். முப்பத்திரண்டு.

அப்போது நாணலை விலக்கிக்கொண்டு அங்கம்மா என்ற ஆமை வந்து சேர்ந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“வா அங்கம்மா. பதிவைப் படிச்சியா?”

“திறந்தாத்தானே படிக்க? வடகோடியில உன் பக்கம் திறக்கிறதுக்குள்ள, நானே நடந்து இங்க வந்துட்டேன். நான் ஆமைப்பா. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு?”

“நாப்பத்தேழு பேர் வந்திருக்காங்களே.”

“எந்த நாப்பத்தேழு? மத்தவங்கெல்லாம் போன மாசமே உன் பக்கம் வர்றதை நிறுத்திட்டாங்க. செல்லக்கண்ணு ஒருத்திதான் விடிஞ்சதிலேருந்து மூக்கால அமுக்கிக்கிட்டு இருக்கா. கரையில காலாத் தெரியுது, என்னன்னு புரியலை. பூ விழுதாம். தவளை பாடுதாம். ஒரு பெட்டி வந்து வணக்கம் சொல்லுதாம். அதை மூடுற பொத்தான் மேல மழை பெய்யுதாம். அப்புறம் ஒரு வட்டம் சுத்துது. மறுபடி முதல்லேருந்து. நான் கிளம்புறப்பவே இருபது தடவை ஆயிருச்சு.”

பட்டாபி கருவியைப் பார்த்தது. நாற்பத்தெட்டு ஆனது. நாற்பத்தெட்டும் ஒரே மூக்கு.

அது பாய்ந்து பூவைப் பிடுங்கியது. பூ நின்றது, எழுத்து உதிர ஆரம்பித்தது. தவளையைப் பிடுங்கியது. கச்சேரி நின்றது, பட்டாசு தானாக வெடித்தது. எது எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றே தெரியவில்லை.

“டேய், எதை எடுத்தா எது விழும்?” என்று ஓணானைக் கேட்டது.

ஓணான் தலையை ஆட்டியது.

“ஆட்டாதே. பதில் சொல்லு.”

“எனக்குப் போடத்தான் தெரியும்ணே. எடுக்கிறது வேற ஆளு.”

வெயில் ஏறிவிட்டது. கரை மேட்டில் ஒருவர் தோள் துண்டை எடுத்து உதறுவது தெரிந்தது. பட்டாபி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கத் தொடங்கியது. கடைசியாக எண்ணும் கருவி மட்டும் மிச்சம். அலகு கொஞ்சம் தயங்கியது. இத்தனை நாள் அதைப் பார்த்துப் பார்த்துத்தானே பூரித்தது!

“என்னப்பா, உயிரை விடவா அது பெருசு?” என்றது அங்கம்மா.

அதையும் பிடுங்கியது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, இரண்டே வரி. இப்போது யார் படித்தார்கள், யாராவது படித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

மேட்டில் வெள்ளைத் துண்டு சுழன்றது. ஊர் முழுக்கக் கண்மாய்க்குள் குதித்தது. சேறு கலங்கி மேலே வந்தது. ஓணான் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. பட்டாபி நாணலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கூடைகள் சளக் சளக்கென்று இறங்கும் சத்தத்தை எல்லாம் கேட்டது. பிற்பகலில் ஊர்ப்பக்கமிருந்து குழம்பு மணம் வந்தது. ருசியான மணம்தான். அதை முகர்ந்தபோது பட்டாபிக்கு அழுகை முட்டியது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பின்னூட்டம் வந்தது. செல்லக்கண்ணு எழுதியிருந்தது.

‘திறந்துச்சு. கிளம்பிட்டோம். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள துண்டு வீசிட்டாங்க. பிள்ளைங்கள்ல பாதிப் பேர் எங்கூட குட்டைக்கு வந்துட்டாங்க. மீதிப் பேரை வாய்க்கால்ல தேடிக்கிட்டு இருக்கேன்.’

பட்டாபி அதைப் பலமுறை படித்தது. காலையிலேயே திறந்திருந்தால் பாதிப் பேர் என்ற பேச்சே இல்லை. பதில் எழுத உட்கார்ந்து, எதையெதையோ எழுதி அழித்து, கடைசியில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

‘மன்னிச்சிரு.’

ஆகவே வலைப்பூ வைத்திருப்பவர்களே, இது இல்லாவிட்டால் பக்கமே நடக்காது என்கிற செருகலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் உங்கள் அலங்காரத்தைப் பார்க்க வரவில்லை, படிக்க வருகிறார்.