ஆளுயர வெண்டை

விதைப் பண்ணையின் மேலாளர் நச்சினார்க்கினியர் வேளாண்மையில் பட்டம் பெற்றவர். வெண்டைக்குப் பரிந்துரைத்ததைப் போல மூன்று மடங்கு யூரியா போடச் சொன்னார். "இலைதான் கொழுக்கும் ஐயா, காய் பிடிக்காது" என்றாள் கூலியாள் செம்பாயி. "நீ படிச்சவளா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தார். செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. அவற்றின் நடுவே நின்று எடுத்த படத்தை அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார்.

அறுவடை நாளில், கிடைக்க வேண்டிய இரண்டு மூட்டை விதைக்கு ஆளுயரச் செடிகளில் காயே இல்லை. ஆய்வுக்கு வந்த இயக்குநரிடம் மேலாளர் செம்பாயியைக் காட்டிக் கூசாமல் சொன்னார்: "இவதான் பிஞ்சுலயே அறுத்து வித்துட்டா. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மூட்டையும் வரணும். இல்லேன்னா வேலையும் கிடையாது, போலீசும் வரும்."

படித்தவரின் பிழைக்குப் படிக்காதவளைத் திருடியாக்குவது எவ்வளவு எளிது!

செம்பாயி அழவில்லை. "தர்றேன் ஐயா. காய அறுத்தா காம்போட அடிக்கட்டை தண்டுல நிக்கும். அப்படி ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு படி விதை தர்றேன். எண்ணிச் சொல்லுங்க."

மேலாளர் வரிசை வரிசையாகக் குனிந்து தேடினார். இயக்குநரும் தேடினார். ஒரு கட்டைகூட இல்லை, எங்கும் இலைதான். உரம் எட்டாத வரப்போரத்து நான்கு குட்டைச் செடிகளில் மட்டும் முற்றிய காய்கள் நிறைந்து, தொட்டால் கலகலத்தன.

"திருடு போனது இங்கதான் ஐயா இலையா மாறி நிக்குது" என்றாள் செம்பாயி, ஆளுயரச் செடிகளைக் காட்டி.

அலுவலகத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் கீழ் விளைச்சலையும் காரணத்தையும் எழுதி வைக்கும்படி இயக்குநர் ஆணையிட்டார். எழுத்தறியாத செம்பாயி சொல்லச் சொல்ல, பட்டம் பெற்ற மேலாளர் எழுதினார்.