முப்பத்திரண்டு காத்தாடிகள்

"டீச்சர், எனக்கு இது சரிப்பட்டு வராது. நான் ஊருக்கே போறேன்."

தாணுலிங்கம் இப்படிச் சொன்னபோது ஷம்ஷாத் டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் இருபது வருடம் இஞ்சினியராக இருந்தவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் வேலையை உதறிவிட்டு சென்னை ராயபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் பாடம் நடத்தும் வித்தையை அவர் டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"ஆளுக்கொரு காத்தாடி செய்துட்டு வாங்க, கரண்ட் எடுப்போம்னு நேத்து சொன்னேன். முப்பத்திரண்டு பேரும் பட்டம் கொண்டு வந்திருக்காங்க!"

அவர் ஊரில் காத்தாடி என்றால் சுற்றும். சென்னையில் காத்தாடி என்றால் பறக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சிரித்ததில் டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதீங்க. மொட்டை மாடியில நான் வச்ச காத்தாடியும் மூணு நாளா அசையல. ஒயரைப் பாத்தாச்சு, மோட்டாரைப் பாத்தாச்சு. பிள்ளைங்க முன்னாடி மானம் போகுது."

டீச்சர் கை கழுவினார்.

"பசங்களை மாடிக்குக் கூட்டிட்டு வாங்க. பட்டத்தோட."

"கரண்ட்?"

"பட்டத்தோட சார்."

மதிய வெயிலில், மாஞ்சா தடவாத வெறும் நூலில், பட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறின.

தாணுலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டிய கை தானாக இறங்கியது.

நூல்கள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கடலுக்கு எதிர்ப்பக்கம்.

"சார், உங்க ஊர்ல காத்து எங்கேந்து வரும்?" என்று கேட்டாள் நாலாம் வகுப்பு எஸ்தர்ராணி.

"மேற்கேருந்து. மலைக் கணவாய் வழியா."

"இங்க கடல்லேந்து வரும் சார். உங்களுது தண்ணித் தொட்டிக்குப் பின்னால, காத்துக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்குது."

இருபது வருட இஞ்சினியருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

நாலு பிள்ளைகள் சேர்ந்து அவர் காத்தாடியைத் தூக்கினார்கள். தொட்டியைத் தாண்டி, கடலைப் பார்க்க வைத்தார்கள். இறக்கை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. சின்ன பல்பு எரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நாளைக்கு ஆளுக்கொண்ணு இதே மாதிரி செய்யப் போறோம்!" என்று தாணுலிங்கமும் கத்தினார்.

நாளைக்கு என்று தான் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்.

"ஏன் டீச்சர், தொட்டி காத்தை மறைக்குதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நான் காத்தாடி விட்டதே இல்லியே."