கழற்றியதே கழற்றினோம்

இதை எனக்கு முதலில் சொன்னவர், மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சரசு அக்கா. என் கடைசி மகள் கல்யாணமாகிச் சிரம்பானுக்குப் போன வருஷம், தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையைத்தான் சொன்னார். முருகன் சாட்சியாக, கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

“சாமி, என் சம்சாரத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக் குடுங்க.”

வடமலை வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்.

ஈப்போவில் ஒரு சுண்ணாம்பு மலை. அதன் அடியில் ஒரு குகை. குகை வாசலில் சின்னதாக ஒரு முருகன் கோயில். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெண். முன்பு தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் கும்பிட வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஊருக்கு அவர் சாமியம்மா. நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. வடமலை அவரைவிட எவ்வளவோ மூத்தவர். ஆனாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கோயிலைக் கூட்டிக் கழுவி விடுவார். மனதில் எது இருந்தாலும் சாமியம்மாவிடம்தான் வந்து கொட்டுவார்.

“கொஞ்ச நாள்னா எதுவரைக்கும் அண்ணே?” என்று கேட்டார் சாமியம்மா.

“கார் முடியற வரைக்கும்.”

“எந்தக் கார்?”

எல்லாவற்றையும் கொட்டுகிறவர் காரைப் பற்றி மட்டும் அதுவரை பேசியதில்லை. அன்றைக்குத்தான் வடமலை முழுக் கதையையும் சொன்னார்.

அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு ஆசைதான். இரண்டு கதவு வைத்த ஜப்பான் கார், டர்போ உள்ளது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காதாம். பிறகு விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வருமாம். அடுத்த நொடி ஆளை இருக்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பாயுமாம். அப்படி ஒன்று அடிபட்டு ஓடாமல் கிடந்ததை வாங்கி, இழுத்து வந்து வீட்டு முன்கூரையின் கீழ் நிறுத்தினார். யார் கையும் படக்கூடாது, நானே பிரித்து நானே கட்டுவேன் என்றார்.

அப்போது அவர் மகள் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது மகளின் பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போகிறது. கார் மட்டும் அதே இடத்தில், நான்கு கட்டைகளின் மேல்.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. விடிந்ததும் காருக்கு அடியில் போனால் இருட்டும்போதுதான் வெளியே வருவார். இன்ஜினைக் கட்டி முடித்துவிடுவார். மூடப் போகிற நேரத்தில் எங்கேயாவது துளி எண்ணெய்க் கசிவு கண்ணில் படும். மூடியைத் திரும்பக் கழற்றுவார். கழற்றியதே கழற்றினோம், இதையும் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் இருப்பதையும் கழற்றுவார். அதற்குப் பின்னால் இருப்பதும் வெளியே வரும். இன்ஜின் சரியாகும்போது பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கும். பிரேக் சரியாகும்போது பெயிண்ட் வெளிறியிருக்கும்.

அவர் மனைவி அஞ்சலை காரின் முன்மூடியின் மேல்தான் மிளகாய் காய வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கார் எப்போது நகரும் என்று கேட்டால், “அது எங்க வீட்டு மூலவர். நகராது. உற்சவர் வந்தா சொல்லி அனுப்புறேன்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். காருக்கு அடியில் இருந்து வடமலையும் சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் இருவரும் பஸ் ஏறி லூமுட் கடற்கரைக்குப் போனார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று பாதியிலேயே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அவள் காலை நனைத்ததோடு சரி. அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். சொந்தக் காரில் கூட்டி வருகிறேன், இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருப்போம் என்று. இந்தக் கார் வந்த பிறகு அந்த வாக்கு இந்தக் காரோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது அவளுக்கு வயிற்றில் நோய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மருந்து இல்லை, ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப் போங்கள், உட்கார முடிகிறபோதே போய்விடுங்கள் என்றார் டாக்டர்.

அவள் ஆசைப்பட்டது கடலுக்கு.

எதிர் வீட்டு ஹாஷிம் இதைக் கேள்விப்பட்டுத் தன் சின்னக் காரின் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நான் வேண்டுமானால் ஓட்டி வருகிறேன் என்றார். வடமலை அந்தச் சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“என் கார்லதான் சாமி கூட்டிப் போவேன். குடுத்த வாக்கு.”

சாமியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னும் என்ன பாக்கி இருக்கு கார்ல?”

“ஒண்ணும் இல்ல சாமி. டர்போவுக்கு எண்ணெய் கசியாம இருக்க ஒரு சீல். ஜப்பான்லேர்ந்து வரணும். வந்தா மாட்டிர வேண்டியதுதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “கழட்டினதே கழட்டினோம்னு வயரையும் வெளிய எடுத்திருக்கேன்.”

“எந்த வயர்?”

“எல்லா வயரும்தான்.”

சாமியம்மா எழுந்தார்.

“வாங்கண்ணே. அர்ச்சனை பண்ணிரலாம்.”

சன்னதியில் இரண்டு பக்கமும் இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு. சாமியம்மா ஒன்றில் எண்ணெய் ஊற்றினார். விளக்கு ஆடியது. எண்ணெய் தளும்பித் தரையில் சிந்தியது. சாமியம்மா அதை அப்படியே விட்டுவிட்டு மாடத்துப் பக்கம் திரும்பினார்.

“இருங்க சாமி,” என்றார் வடமலை. “விளக்கு ஆடுது.”

“அது ரொம்ப நாளா ஆடுது.”

“ஒரு நிமிஷம். நான் பாத்துர்றேன்.”

விளக்கைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். தண்டு பீடத்தோடு சேரும் இடத்தில் மரை தேய்ந்திருந்தது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்து டேப்பை எடுத்து வந்து மரையில் சுற்றினார். அப்போதும் ஆடியது. கவிழ்த்துப் பார்த்தால் பீடத்தின் ஓரம் நசுங்கியிருந்தது. ஒரு கட்டையை வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். நிமிர்த்தும்போது உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பது தெரிந்தது.

“புளி இருக்குமா சாமி?”

சாமியம்மா புளி கொண்டுவந்து கொடுத்தார்.

“அண்ணே, அர்ச்சனை?”

“இதோ. கழட்டினதே கழட்டினோம், தேச்சிட்டு ஏத்தினா லட்சணமா இருக்கும்.”

தட்டு, தண்டு, பீடம், உச்சியில் இருந்த அன்னம் எல்லாம் தனித்தனியாக வந்தன. பழைய பேப்பரை விரித்து அதன் மேல் வரிசையாக வைத்தார். எது எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொண்டார். புளி போட்டுத் தேய்த்துச் சாம்பல் போட்டுத் துலக்கினார். பித்தளை தங்கம் மாதிரி வந்தது. பல நாளுக்குப் பிறகு அவர் மனம் லேசாக இருந்தது. வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

வெளியே மழை பிடித்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. கை முழுக்கப் புளி.

“மகளாத்தான் இருக்கும். ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லுவா. போற வழியில பேசிக்கலாம்.”

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது.

துலக்கிய தட்டைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மற்ற விளக்கைப் பார்த்தார். அது கறுத்துப்போய் நின்றது.

“ஒண்ணு பளபளன்னும் ஒண்ணு இப்படியும் இருந்தா நல்லாவா இருக்கும்?”

சாமியம்மா தூணில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடமலை இரண்டாவது விளக்கையும் கழற்றினார்.

மழை விட்டபோது வெளிச்சம் போயிருந்தது. குகைக்குள் இருந்து வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“நடை சாத்துற நேரம் ஆயிருச்சு அண்ணே,” என்றார் சாமியம்மா. “யார் பேருக்கு அர்ச்சனை?”

வடமலை நிமிர்ந்து பார்த்தார்.

என்ன கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

“அஞ்சலை,” என்றார்.

“நட்சத்திரம்?”

வாயைத் திறந்தார். வரவில்லை. டர்போவின் தண்டு எவ்வளவு கனம் என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்.

“வீட்ல கேட்டுச் சொல்றேன் சாமி.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். அம்மாவோட நட்சத்திரம் என்ன, அவகிட்ட கேட்டுச் சொல்லு என்றார்.



“அம்மா இன்னிக்கு மத்தியானம் எழுந்து உக்காந்தாங்கப்பா,” என்றாள் மகள். “அவங்களே தலை சீவிக்கிட்டாங்க. கஞ்சி கேட்டுக் குடிச்சாங்க. உடம்பு நல்லா இருக்கு, இன்னிக்கே போலாமா, அப்பாவைக் கேளுன்னாங்க. ஹாஷிம் அங்கிள் காரை வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டாரு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

“இப்ப?”

“படுத்துட்டாங்க. கூப்பிட்டா முழிக்க மாட்றாங்க. மூச்சு மட்டும் இருக்கு.”

வடமலை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் இன்னும் ஏதோ சொன்னாள். அது அவருக்குக் கேட்கவில்லை.

பேப்பரின் மேல் இரண்டு விளக்கும் துண்டு துண்டாகக் கிடந்தன. அடையாளம் வைத்தபடி, ஒன்றுகூடக் கலையாமல்.

சாமியம்மா மாடத்தில் இருந்து ஒரு மண் அகலை எடுத்தார். விளிம்பு கொஞ்சம் உடைந்த அகல். எண்ணெய் விட்டார். திரி போட்டார். ஏற்றினார். சுடர் ஆடாமல் நின்றது. முருகனின் முகம் தெரிந்தது.

“நட்சத்திரம் வேண்டாம். பேரு போதும்,” என்று சொல்லி அர்ச்சனையைத் தொடங்கினார். அது முடிய அதிக நேரம் ஆகவில்லை.

வடமலை அந்த அகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி,” என்றார். “இதை முதல்லயே ஏத்தியிருக்கலாமே.”

“அதை எடுக்கத்தான் அண்ணே திரும்பினேன்,” என்றார் சாமியம்மா. “நீங்கதான் இருங்கன்னீங்க.”

சரசு அக்கா அத்தோடு நிறுத்திவிட்டார். பிறகு என்ன ஆனது, விடிந்ததும் அவள் கண் விழித்தாளா, கடலைப் பார்த்தாளா என்று நான் விடாமல் கேட்டேன். அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அவருக்கும் தெரியாதோ, தெரிந்தும் சொல்லவில்லையோ.

அவள் பெயர் அஞ்சலை. நட்சத்திரம் தெரியாது. இன்றைக்குச் சாமி கும்பிடும்போது அந்தப் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.