கூரைக்குத் தெரியாத சேதி

போர் முடிந்து அமெரிக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு மலையூரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கதி கூலி அல்ல. சுரங்கத்துள் வடக்குப் பாதையில் கூரை தளர்ந்துவிட்டது. மரமுட்டுக் கொடுக்காமல் இறங்க மாட்டோம் என்றார்கள். கம்பெனி மறுத்தது. கரி இல்லாமல் ரயில்கள் நின்றன. உடனே அரசாங்கம் சுரங்கத்தைக் கைப்பற்றியது.

கைப்பற்றியது என்பது பத்திரிகைகள் போட்ட சொல். உண்மையில் வாசலில் தேசியக் கொடி ஏறியது. பழைய மேலாளர் அதே நாற்காலியில், அதே சுருட்டோடு, அரசாங்க அதிகாரியாக உட்கார்ந்தார். கொடிக்கயிற்றை இழுக்கும் மரியாதையைச் சங்கத் தலைவன் மத்தேயுஷுக்குக் கொடுத்தார்கள். அவனும் நெஞ்சு நிமிர்த்தி இழுத்தான்.

பிறகுதான் உத்தரவு வந்தது. நாளைக் காலை எல்லோரும் இறங்க வேண்டும். இறங்காதவன் இனி கம்பெனியை அல்ல, நாட்டையே எதிர்த்தவன். முட்டுப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மத்தேயுஷ் கிரிஃபித்திடம் போனான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். இப்போது கரித்தூசி நுரையீரலை அடைத்ததால் படுக்கையில் கிடந்தார். கோலால் கூரையைத் தட்டு, கணீரென்றால் நுழை, மொத்தென்றால் ஓடிவிடு; அவருடைய உபதேசம் மொத்தமும் இவ்வளவுதான்.

“வாருங்கள், அரசாங்க உத்தியோகஸ்தரே,” என்றார்.

மத்தேயுஷ் சிரிக்கவில்லை. ஆட்கள் எல்லோரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். மறுத்தால் சிறை. இறங்கினால் வடக்குப் பாதை. அவன் தம்பிக்கு வேலை அங்கேதான்.

“ஆசானே, சுரங்கம் இப்போது நம் அரசாங்கத்துடையது. நம்பி இறங்கச் சொல்லலாமா?”

“கொடி ஏறிய பிறகு கூரையைத் தட்டிப் பார்த்தாயா?”

“இன்று மதியம் பார்த்தேன்.”

“முதலாளி மாறிய சேதி அதற்குத் தெரிந்திருந்ததா?”

“இல்லை. அதே மொத்தொலி.”

கிரிஃபித் கட்டிலோரம் சாய்த்திருந்த கோலை எடுத்து, அதன் நுனியால் தன் மார்பைத் தட்டினார். மொத்தென்றது. இருமல் வந்தது. அது அடங்கும்வரை மத்தேயுஷ் தண்ணீர்க் குவளையோடு நின்றான்.

“அப்படியானால் அவர்களிடம் நான் என்னதான் சொல்வது?”

“நான் கம்பெனி காலத்து ஆள்,” என்றார் அவர். “என் சவப்பெட்டி வெறும் பெட்டியாகப் போகும். உன் தம்பியின் பெட்டிமேல் கொடி விரிப்பார்கள். ஏற்றியவன் நீதானே, விரிக்கவும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.”