குளித்துவிட்டு வந்தால் குளிக்கலாம்

மூங்கில்காட்டில் குடிக்கச் சுனை உண்டு. முங்கிக் குளிக்கத்தான் இடமில்லை. ஆறு இரண்டு மலை தாண்டி இருந்தது.

மற்ற மிருகங்கள் நிழலில் படுத்துச் சமாளித்துக்கொள்ளும். எருமைக்கு அது போதாது. அதற்குச் சரியாக வியர்க்காது. சித்திரை வெயிலில் தண்ணீரில் கிடக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேச்சி என்ற எருமை போன கோடையில் தன் மூத்த கன்றை அப்படித்தான் பறிகொடுத்தது. இப்போது மல்லி என்ற இளைய கன்று மட்டும்தான் மிச்சம்.

பேச்சி சிங்கராஜாவிடம் போய் அழுதது. ராஜா நல்லவர்தான். யாராவது அழுதால் உடனே ஒரு கமிட்டி போட்டுவிடுவார். நரி அதற்குச் செயலாளர். கமிட்டி கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ஒருவழியாகக் காட்டின் பொது நிதியில் குளம் வெட்ட உத்தரவானது. கரடி தேன் கொடுத்தது. யானை தழை கொடுத்தது. முயல்கூடத் தன் பங்குக்கு நாலு கிழங்கு கொடுத்தது. வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! பாதிக் குளத்தைப் பேச்சியே கொம்பால் கிளறித் தோண்டியது. ஊற்று கண் திறந்தது. குளம் தளும்பி நின்றது.

திறப்பு விழாவில் நரி ஒன்றேகால் மணி நேரம் பேசியது. கொக்கைக் காவலுக்கு வைத்தது. "வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, பார்த்தாலே சுத்தம்" என்று அதற்குக் காரணமும் சொன்னது.

மறுநாள் உச்சி வெயிலில் மல்லியைக் கூட்டிக்கொண்டு பேச்சி வந்தது. மல்லிக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"நில்லு, நில்லு," என்றது கொக்கு. "போர்டைப் பார்க்கலையா? 'குளித்துவிட்டு வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி.' உடம்பெல்லாம் புழுதி. போய்க் குளிச்சிட்டு வா."

"எங்கே போய்க் குளிக்கிறது?"

"ஆத்துல."

"ஆறு பக்கத்துல இருந்தா இந்தக் குளம் எதுக்கய்யா?"

"அதெல்லாம் கமிட்டியைக் கேளு. நான் வெறும் காவல்."

அந்த நேரம் பார்த்து ராஜா நரியோடு மேற்பார்வைக்கு வந்தார். குளத்தை எட்டிப் பார்த்தார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று வியந்தார்.

"இதுவரை ஒருத்தரும் இறங்கலை, மகாராஜா. அதுதான் நம்ம சாதனை," என்றது நரி. "இதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குளத்துக்கும் நிதி ஒதுக்கினா, அதுல குளிச்சிட்டு வந்து இதுல குளிக்கலாம்."

"பலே," என்றார் ராஜா. "உடனே ஒரு கமிட்டி போடு."

மல்லி முன்னங்கால் மடங்கி விழுந்தது. இன்னொரு கமிட்டி முடியும்வரை இந்தக் கன்று இருக்குமா? பேச்சி கன்றைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கியது. கொக்கு சிறகடித்துக் கூச்சல் போட்டது.

சற்று நேரத்தில் இரண்டும் முங்கி எழுந்து கரையேறின. மல்லிக்கு மூச்சு சீராகியிருந்தது. பேச்சி சொட்டச் சொட்ட வந்து கொக்கின் முன்னால் நின்றது.

"குளிச்சாச்சு. புழுதி இருக்கான்னு நல்லாப் பார்த்துச் சொல்லு."

கொக்கு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. "இல்லை," என்று முனகியது.

"அப்போ இனிமேதான் நாங்க விதிப்படி வர்றோம். வழி விடு."

நரி விதிகளைப் புரட்டிப் பார்த்தது. எங்கே குளித்துவிட்டு வர வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கொக்கு ஒதுங்கி நின்றது.

அன்று முதல் மூங்கில்காட்டு மிருகங்கள் எல்லாம் குளத்தில் ஒரு முங்கு போட்டுவிட்டு, கரையேறிக் கொக்கிடம் உடம்பைக் காட்டிவிட்டு, மறுபடி குளத்தில் இறங்குகின்றன. அந்த ஆண்டு அறிக்கையில் நரி பெருமையாக எழுதியது: 'நம் குளத்தை ஒவ்வொருவரும் தினம் இருமுறை பயன்படுத்துகிறார்கள்.'

பொது நிதியில் கட்டியது அழுக்குப்படாமல் இருப்பதில் பெருமை இல்லை, யாருக்காகக் கட்டினோமோ அவருக்குப் பயன்படுவதில்தான் பெருமை.