கடமான் போன வழி

கூதிர்மலையில் தினை வீடு வந்து சேர்ந்து, மான்குட்டிகள் பால் மறந்த பிறகுதான் வில்லைத் தொடுவார்கள். அதற்கு முன் தொட்டால் மலை முகம் திருப்பிக்கொள்ளும் என்பார்கள். பருவம் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு வில் காட்டுக்குள் போகும். யார் அடித்த மானாக இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு. வில் அனுப்பாத வீட்டுக்கும் உண்டு. ஆனால் அந்த வீட்டார் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

செங்கோடன் மலையில் பிறந்தவன் அல்ல. கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தவன். பூவாயியைப் பார்த்தான், அப்புறம் திரும்பிப் போகவில்லை. மாமனார் இருந்தவரை அந்த வீட்டு வில் அவர் தோளில் இருந்தது. அவர் போன பிறகு பூவாயி தேக்கிலையை ஏந்திக்கொண்டு கடைசியில் நின்றாள். அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த செங்கோடனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காதோரம் நரைத்த வயதில் வில் கற்கக் கிளம்பினான். மலையில் நல்ல வில் யாருடையது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பூவாயியின் தங்கை சடைச்சிதான். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டு வில்லைச் சுமப்பவளும் அவள்தான். அவள் அம்பு பட்ட மான் துடித்ததை யாரும் பார்த்ததில்லை.

"கத்துக்குடுக்கிறவங்க யாரானாலும் ஆசான்னுதான் கூப்பிடணுமாம். பூவாயி சொல்லி அனுப்பினா" என்றான் செங்கோடன்.

சடைச்சி சிரித்தாள். "கூப்பிடுங்க அத்தான். நான் அத்தான்னே கூப்பிட்டுக்கறேன்."

உப்பு மூட்டை தூக்கிய தோள்களுக்கு நாண் ஒரு பொருட்டாக இல்லை. மரத்தில் வைக்கோல் பொதியைத் தொங்கவிட்டு எய்து பழகினான். மழைக்காலம் முடிவதற்குள் அம்புகள் ஒரே இடத்தில் போய்க் குத்தி நின்றன.

"அடுத்து என்ன, ஆசானே?"

"வில்லை வீட்டுல வச்சுட்டுச் சுனைக்குப் போங்க. விடியும்போது ஒரு கடமான் தண்ணி குடிக்க வரும். பாருங்க."

"பாத்துட்டு?"

"மறுநாளும் போங்க."

போனான். சுனை இருக்குமிடமே தெரியாதபடி மூடுபனி கிடந்தது. பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்தான். கண் சொருகியது. பனிக்குள் முதலில் கொம்புகள் முளைத்தன. பிறகு நெற்றி, பிறகு கழுத்து. மலை தூக்கத்தில் ஒரு மானை நினைத்துக்கொண்டது போலிருந்தது. தண்ணீர் சலசலத்தது. மறுபடி பனி. வந்தது மானா கனவா என்று வீடு வந்து சேரும்வரை அவனுக்குத் தெளியவில்லை.

சில விடியல்கள் போய்ப் பார்த்தான். பிறகு அலுத்துவிட்டது. வைக்கோல் பொதிக்கே திரும்பினான்.

"சுனைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள் சடைச்சி.

"போனேன். வந்துச்சு, தண்ணி குடிச்சுது, போயிடுச்சு."

"குடிக்கிறதுக்கு முன்ன என்ன செஞ்சுது?"

செங்கோடன் சிரித்தான். "அது என்ன செஞ்சா என்ன? நான் எய்யப்போறது நெஞ்சுல."

சடைச்சி அதற்கு மேல் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பருவம் தொடங்கிய விடியலில் இருவரும் சுனைக்கு மேலே பாறை மறைவில் இருந்தார்கள். பனி கலைவதும் கூடுவதுமாக இருந்தது. கொம்புகள் வந்தன. கழுத்து வந்தது. செங்கோடன் மூச்சை அடக்கி, முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைக் குறி பார்த்து நாணை விட்டான்.

அதே நேரத்தில் மான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

நெஞ்சுக்குப் போன அம்பு வயிற்றில் இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல ஒரு சத்தம். மான் முதுகைக் கூனிக்கொண்டது. ஓடவில்லை. நடந்து பனிக்குள் போனது.

"பட்டுடுச்சு!"

"பட்டுடுச்சு" என்றாள் சடைச்சி. "உக்காருங்க."

"போயிடுமே!"

"இப்பப் பின்னால போனா சாவையும் தூக்கிக்கிட்டு ஓடும். நாம உக்காந்தா அதுவும் படுக்கும்."

உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருக்க வேண்டும். பனியின் வெள்ளை மட்டும் கொஞ்சம் கூடியது.

"ஏன் அது ஓர் அடி முன்ன வச்சுது?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

"தினமும் வைக்கும். கரையில பாசி வழுக்கும். காலை நல்லா ஊனிக்கிட்டுத்தான் வாய் வைக்கும்."

செங்கோடன் கையிலிருந்த வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சடைச்சி எழுந்தாள். "முன்னால போங்க. உங்க மான்."

இலைகளில் ரத்தம் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதில் மென்ற புல் கலந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ரத்தமும் நின்றுபோனது. அப்புறம் மிதிபட்ட புல்தான் வழி சொன்னது. ஓரிடத்தில் பெரணிச் செடிகள் நசுங்கிக் கிடந்தன. உள்ளங்கையை வைத்தான். மண் இன்னும் சூடாக இருந்தது. வேறோர் இடத்தில் குளம்புகள் திரும்பி நின்றிருந்தன. திரும்பி எதைப் பார்த்திருக்கும்? தான் வரும் திசையைத்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

பனி இன்னும் இறுகியது. பின்னால் வரும் சடைச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. சருகுச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் அவன் மறந்தான். மேடு வந்த இடத்தில் யோசிக்காமலே பக்கவாட்டில் திரும்பினான். பார்த்தால் தடமும் அங்கேதான் திரும்பியிருந்தது. முள் வந்த இடத்தில் சுற்றிப் போனான், தடமும் சுற்றியிருந்தது. காட்டில் தானும் மானுமாக இரண்டு பேர் நடப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு வலி, படுக்க இடம் தேடி, மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

தடம் ஓர் ஓடைக்குள் இறங்கியது. அக்கரையில் ஏறவில்லை.

சடைச்சி வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"இனி எந்தப் பக்கம், ஆசானே?"

"என்னைக் கேட்டா? இவ்வளவு தூரம் அது கூடவே வந்தது நீங்க."

செங்கோடன் தண்ணீருக்குள் இறங்கி நின்றான். குளிர் எலும்பைத் தொட்டது. தாகமாக இருந்தது. குனிந்து குடிக்கப் போனவன் தன் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டான். அங்கே ஏதோ எரிந்தது. தண்ணீர் பட்டதும் கொஞ்சம் அடங்கியது. இதை விட்டு ஏற மனம் வருமா? வராது. ஓட்டத்துக்கு எதிரே போகவும் தெம்பு இல்லை.

ஓடை போகிற பக்கமே நடந்தான். தூறல் விழத் தொடங்கியது.

ஒரு வளைவில், வேர்கள் தொங்கும் கரைக்கு அடியில், அது படுத்திருந்தது. வயிறு தண்ணீரில் இருந்தது. காதுகள் அவன் பக்கம் திரும்பின. எழப் பார்த்தது. முன்னங்கால்கள் மடங்கின. பிறகு அவனைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"கிட்டப் போங்க" என்றாள் சடைச்சி, பின்னால் எங்கிருந்தோ.

"என்னால முடியாது."

"அதாலயும் முடியல, அத்தான்."

செங்கோடன் கிட்டப் போனான். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். அது மறுபடி ஏறும்வரை காத்திருந்து, நாணை விட்டான்.

ஓடை கொஞ்ச தூரம் சிவந்து ஓடியது. பிறகு தெளிந்தது. மழை வலுத்தது. அவன் தண்ணீரிலேயே உட்கார்ந்து, கழுத்தின் சூடு போகும்வரை அதன்மேல் கையை வைத்திருந்தான். சடைச்சி அவனை எழுப்பவில்லை.

ஊரில் பறை அடித்தார்கள். உப்புக்காரர் முதல் நாளே மான் கொண்டுவந்துவிட்டார் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. பூவாயி வரிசையின் தலையில் நின்றாள். தேக்கிலையை ஏந்தியிருந்த அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். அவளுக்காகச் சிரித்தான்.

அன்று அவன் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சாப்பிடலையா?" என்றாள் பூவாயி.

"மழையில நனைஞ்சுட்டேன். பசி இல்ல."

 பூவாயி இலையை மடித்து எடுத்து வைத்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சடைச்சி தன் வாசலில் அம்புகளை வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்து நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அடுத்த பருவத்துக்கு நான் வில் எடுக்கல."

"சரி."

"பூவாயி மறுபடி கடைசியில நிக்கணும்."

"நிக்கட்டும். அக்காவுக்கு ஒண்ணும் கால் வலிக்காது."

அவன் எழுந்து போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. வெயில் நகர்ந்து அம்புகளை விட்டு விலகியது. அவள் அவற்றை வெயில் இருக்கும் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எடுக்கிறதா இருந்தா," என்றான் செங்கோடன், "அதுக்குள்ள நான் இன்னும் என்ன கத்துக்கணும்?"

சடைச்சி கையிலிருந்த அம்பைக் கீழே வைத்தாள்.

"புதுசா ஒண்ணும் இல்ல அத்தான். நேத்து அம்புக்குப் பின்னால நடந்தீங்களே, அந்த நடையை அடுத்த தடவை அம்புக்கு முன்னாலயே நடந்துடுங்க."